களைப்புல்லில் இலைநோய்: லென்ஸா, போனா, மைக்ரோஸ்கோப்பா, ஆய்வகமா?

நெல்லிலோ சோளத்திலோ இலைப்புள்ளி விழுந்தால் கேட்க ஆள் இருக்கிறது, படம் போட்ட கையேடும் இருக்கிறது. அதே புள்ளி ஒரு களைப்புல்லில் விழுந்தால் நாதியில்லை. பிடுங்கி எறியப் போகிற புல்லுக்கு நோய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனாலும் சிலருக்கு அது தெரிந்தாக வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பயிருக்கு இதிலிருந்து தொற்றுமோ என்று அஞ்சுகிற விவசாயி, களையை ஒழிக்க இந்தப் பூஞ்சையே உதவுமா என்று யோசிக்கிற மாணவர், கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் தெரியாவிட்டால் தூக்கம் வராத இயற்கை ஆர்வலர். மூவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். கை லென்ஸோடு நிறுத்திக்கொள்வதா, போன் ஆப்பிடம் கேட்பதா, மைக்ரோஸ்கோப் வாங்குவதா, இல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி டி.என்.ஏ. வரை பார்த்துவிடுவதா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பேரினம் வரை தெரிந்தால் போதும். அதற்கு லென்ஸும் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப்பும் போதும். அந்தப் பெரும்பாலானவர்களில் நீங்களும் ஒருவரா என்பது மட்டும் உங்கள் தேவையைப் பொறுத்தது.

## எதை வைத்து எடைபோடுவது

பெயர் கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். 'இது துருநோய்' என்ற அளவே போதுமா, பேரினம் வேண்டுமா, சிற்றினம் வரை போக வேண்டுமா? இல்லை, 'இது என் பயிரைத் தாக்குமா' என்பதுதான் உண்மையான கவலையா? கடைசிக் கவலைக்கு எந்தப் பெயரும் முழு விடை ஆகாது. அதை ஆய்வகப் பகுதியில் சொல்கிறேன்.

அடுத்தது, விடை தவறாக வந்தால் அது தவறு என்று உங்களுக்குத் தெரிய வருமா என்பது. மற்ற எல்லாவற்றையும்விட நான் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். சில முறைகள் தெரியாத இடத்தில் பேசாமல் நின்றுவிடும். சில முறைகள் தெரியாத இடத்திலும் ஒரு பெயரை நீட்டும். இரண்டாவது வகைதான் ஆபத்து.

அப்புறம் நேரம். விடை வர எத்தனை நாள் என்பதோடு, அந்த முறையைக் கையாளப் பழக எத்தனை நாள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதோடு விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் இருக்கின்றன. எல்லாம் முடிந்தபின் வேறொருவர் சரிபார்க்கக் கையில் மாதிரி மிஞ்சுமா என்பதும் இருக்கிறது.

| முறை | எதுவரை சொல்லும் | நேரம் | எங்கே ஏமாற்றும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கை லென்ஸ் | நோய்வகை. சிலவற்றில் பேரினம் | நிமிடங்கள் | பழுப்புப் புள்ளிகள், பூஞ்சையே இல்லாத காயங்கள் | கண் பழகும் காலம் |
| போன் ஆப் | நம்பகமாக நோய்வகை மட்டும் | நொடிகள் | பயிர்நோயின் பெயரைக் களைக்கு ஒட்டும் | தவறான உறுதி |
| ஈர அறையும் மைக்ரோஸ்கோப்பும் | பேரினம். துருவில் பெரும்பாலும் சிற்றினம் | 1 முதல் 3 நாள் | செத்த இலையில் முளைக்கும் பிற பூஞ்சைகள் | பயிற்சி, அளவிடும் உழைப்பு |
| ஆய்வகம், டி.என்.ஏ. | சிற்றினம், சரியான மரபணுவைப் பார்த்தால் | வாரங்கள் | வேறு பூஞ்சையின் டி.என்.ஏ. | தூய வளர்ப்பு, அனுமதி, விளக்கம் கேட்பது |

## புல்லின் பெயர் தெரியாமல் எதுவும் நகராது

நான்கில் எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: நோயாளி யார் என்று தெரிந்துகொள்வது. புல்லின் பெயர் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய பூஞ்சைப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அருகம்புல்லில் துரு கண்டால் முதலில் நினைக்க வேண்டியது பக்சீனியா சைனோடோன்டிஸ் என்ற துருப்பூஞ்சை. ஜான்சன் புல்லிலும் மற்றச் சோள உறவுகளிலும் கண்டால் பக்சீனியா பர்ப்யூரியா. புல் தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு பக்சீனியா' என்பதைத் தாண்ட முடியாது, அந்தப் பேரினத்தில் ஆயிரக்கணக்கான சிற்றினங்கள் இருக்கின்றன.

பூக்காத புல்லை அடையாளம் காண்பது லேசில்லை. இலைத்தாளும் தண்டைச் சுற்றிய இலையுறையும் சேருகிற இடத்தின் உட்பக்கத்தில் இருக்கிற இலைநாக்குதான் அப்போது கை கொடுக்கும். அருகம்புல்லில் அது ஒரு மயிர்வரிசை. டிஜிடேரியா என்ற களைப்புல்லிலும், கேழ்வரகின் உறவான எலுசைன் இண்டிகாவிலும் அது சவ்வு. குதிரைவாலி வகையைச் சேர்ந்த எக்கினோகுளோவா கொலோனா, எக்கினோகுளோவா க்ரஸ்-கல்லி இரண்டிலும் இலைநாக்கே கிடையாது. நெல் நாற்றில் அது நீளமாக இருக்கும் என்பதால் வயலில் நெல்லிலிருந்து இவற்றைப் பிரிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை. பூங்கொத்து வந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம். அருகம்புல்லின் கதிர்கள் ஒரே புள்ளியிலிருந்து விரியும். டிஜிடேரியாவில் அவை பெரும்பாலும் சற்று மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பிறக்கும்.

தண்டு முக்கோணமாக இருந்தால் அது புல்லே இல்லை, கோரை. அதற்கு நோய்ப்பட்டியலும் வேறு. ஆகவே நோய்ப்பட்ட இலையை மட்டும் கிள்ளி வராதீர்கள். வேர், தண்டு, பூங்கொத்து எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் செடியும் கூட வரட்டும்.

## கை லென்ஸ்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸே போதும். 20 மடங்கு இருந்தால் நல்லதுதான். ஆனால் காற்றில் ஆடுகிற இலையில் அதை நிலைப்படுத்துவது சிரமம். பையில் கிடக்கும், மின்சாரம் வேண்டாம், இடத்திலேயே விடை. இதை மட்டும் வைத்துக்கொண்டே பாதி நோய்களை வகைப்படுத்திவிடலாம்.

துருவில் கொப்புளம் இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிழிந்த தோலின் ஓரம் லென்ஸில் தெளிவாகத் தெரியும். விரலால் தேய்த்தால் ஆரஞ்சு அல்லது செம்பழுப்புப் பொடி ஒட்டும். பருவம் முடியும்போது அதே இலையில் கறுப்புக் கொப்புளங்கள் வரும். அந்தக் கறுப்புக் கொப்புளங்களை விட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், மைக்ரோஸ்கோப்பில் பெயர் சொல்லப் போவது அவைதான்.

சாம்பல்நோய் வெள்ளைப் பொடியாக இலையின் மேலேயே உட்கார்ந்திருக்கும், துடைத்தால் போய்விடும். புற்களில் இது வந்தால் அநேகமாகப் புளூமேரியாதான் என்பதால், லென்ஸிலேயே பேரினம் கிடைத்துவிடுகிற அபூர்வமான நோய் இது. அடிச்சாம்பல் வேறு கதை. இலையின் அடிப்பக்கத்தில், அதிகாலை ஈரத்தில் மட்டும் வெண்பஞ்சாகத் தெரியும். வெயில் ஏறினால் காணாமல் போகும். காட்டுத் தினை வகைகளில் வரும் ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலா இந்தக் கூட்டம். முற்றிய இலைகள் நார் நாராகக் கிழிந்து தொங்கும். சொல்லப்போனால் இது உண்மையான பூஞ்சையே இல்லை. ஊமைசீட் என்கிற தனிக் குலம். ஆனால் பூஞ்சைநோய்ப் பட்டியலில்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள், தேடுகிறவரும் அங்கேதான் தேட வேண்டும்.

தார் சொட்டியது போலக் கறுப்பாக, பளபளப்பாக, சற்றே மேடாக, நகத்தால் சுரண்டினாலும் உதிராமல் இருந்தால் ஃபில்லகோரா. அருகம்புல்லில் இதற்கென்றே ஒரு சிற்றினம் உண்டு, ஃபில்லகோரா சைனோடோன்டிஸ். இங்கே ஒரு குழப்பத்துக்கு இடம் இருக்கிறது. சில துருக்களின் கறுப்புக் கொப்புளங்கள் தோலைக் கிழிக்காமல் உள்ளேயே மூடிக் கிடக்கும். லென்ஸில் அவை தார்ப்புள்ளி போலவே தெரியும், வெட்டிப் பார்த்தால்தான் பிரியும். நரம்புகளுக்கு இடையே நீளநீளமான சாம்பல்நிறக் கோடுகள், அவை வெடித்துக் கரித்தூள் கொட்டினால் இலைக் கரிப்பூட்டை. புள்ளியின் நடுவில் குட்டைக் கறுப்பு மயிர்கள் குத்திட்டு நின்றால் ஆந்த்ரக்னோஸ், அதாவது கொலிட்டோட்ரைக்கம்.

லென்ஸ் இதோடு நின்றுவிடும். மிச்சம் இருப்பது பழுப்புப் புள்ளிகளும் கருகல்களும். களைப்புற்களில் அதிகம் காண்பதும் அவற்றைத்தான். பைப்போலாரிஸ், ட்ரெக்ஸ்லெரா, எக்ஸரோஹைலம், கர்வுலேரியா, பைரிகுலேரியா, செர்கோஸ்போரா எல்லாம் இந்தக் கூட்டத்தில்தான். இரு முனையும் கூம்பிய கதிர்வடிவில், சாம்பல் நடுவோடு இருந்தால் குலைநோய், அதாவது பைரிகுலேரியா, செவ்வகமாக நரம்புக்குள் அடங்கியிருந்தால் செர்கோஸ்போரா, நீண்ட பெரிய கருகலாக இருந்தால் எக்ஸரோஹைலம் என்று புத்தகங்கள் சொல்லும். அவை பயிரை வைத்து எழுதியவை. இலை அகலம் குறைந்த களைப்புல்லில் எந்தப் புள்ளியும் நரம்புக்குள் அடங்கிச் செவ்வகமாகத்தான் தெரியும்.

நிறத்தையும் நம்ப வேண்டாம். சோளமும் ஜான்சன் புல் போன்ற அதன் உறவுகளும் எந்தக் காயத்துக்கும், பூச்சி கடித்தாலும்கூட, சிவப்பு அல்லது ஊதா நிறமியைச் சுரந்துவிடும். அந்தச் சிவப்பு விளிம்பு புல்லின் குணம், நோயின் அடையாளம் இல்லை.

இன்னொரு செலவு, பூஞ்சையே இல்லாதவற்றைப் பூஞ்சை என்று நினைத்துவிடுவது. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: கோடுகள் கண்ணாடி போல ஒளி கடத்தினால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். களைக்கொல்லி காற்றில் பறந்து விழுந்த இடத்தில் வரும் புள்ளிகள் பக்கத்தில் உள்ள பல வகைச் செடிகளிலும் ஒரே நாளில், ஒரே வயதில் தோன்றும். பூஞ்சை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அது தன் புல்லில் மட்டும், இளசும் முற்றியதுமாகக் கலந்து பரவும்.

லென்ஸ் போதும் என்பது யாருக்கு? தோட்டத்தில், வரப்பில் என்ன நடக்கிறது என்று வகையளவில் தெரிந்தால் போதும் என்பவருக்கு. துரு, சாம்பல், கரிப்பூட்டை, தார்ப்புள்ளி தேடுகிறவருக்கு. பழுப்புப் புள்ளிதான் உங்கள் சிக்கல் என்றால் போதாது.

## போன் ஆப்

படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப்கள் மேல் எனக்குப் பொதுவான வெறுப்பு எதுவும் இல்லை. புல்லின் பெயரைத் தேட அவை உதவுகின்றன, அதுவும் பூங்கொத்தைப் படம் எடுத்தால். இலைநோய் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்வது நல்லது என்கிறேன். காரணம் அவை கற்ற பாடம்.

இந்தத் துறையில் பலரும் பயன்படுத்திய படத்தொகுப்பு பிளான்ட்வில்லேஜ். அதை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். கணினி அந்தத் தொகுப்புக்குள்ளேயே ஒதுக்கி வைத்த படங்களை 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது சுமார் 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்த 14 பயிர்களில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது ஒன்றே ஒன்று, மக்காச்சோளம். களைப்புல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு தொகுப்புகள் பெருகியிருக்கின்றன, கணினிகளும் தேர்ந்திருக்கின்றன. ஆனாலும் படம் எடுத்துக் குவிக்கிறவர்களின் கவனம் பயிரின்மேல்தான். களையின் நோயை யார் உட்கார்ந்து ஆயிரம் படம் எடுப்பார்கள்?

விளைவு, நீங்கள் ஜான்சன் புல்லின் கருகலைக் காட்டினால் மக்காச்சோள நோய் ஒன்றின் பெயர் வரும். சில சமயம் அது சரியாகவும் இருக்கலாம், இரண்டையும் எக்ஸரோஹைலம் டர்சிகம் தாக்குகிறது என்பதால். சரியாக வந்ததா, தற்செயலாக வந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் கோளாறு. பைப்போலாரிஸுக்கும் ட்ரெக்ஸ்லெராவுக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் வித்துகளில், அதாவது பூஞ்சை தன்னைப் பரப்ப உதிர்க்கும் நுண்துகள்களில் (ஸ்போர்) இருக்கிறது. இலைப்படத்தில் இல்லாத தகவலை எந்தக் கணினியாலும் அதிலிருந்து எடுக்க முடியாது.

போனை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். நாள், இடம் இரண்டையும் படத்தோடு பதிந்து வைக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. முழுச் செடி, பூங்கொத்து, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த இலை, அளவுகோலோடு ஒரு நெருக்கப் படம். இந்த ஆறும் இருந்தால் பூஞ்சை தெரிந்த ஒருவரால் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். லென்ஸைப் போன் கேமராவின் முன் பிடித்தும் எடுக்கலாம், கொஞ்சம் பழகினால் துருக்கொப்புளத்தின் கிழிந்த தோல்கூட விழும்.

அதாவது, ஆவணப்படுத்தப் போன், சரி. நோய்வகை தெரியப் போன், லென்ஸோடு சேர்த்துப் பார்த்தால் சரி. சிற்றினப் பெயரை அதனிடமிருந்து வாங்கிக் குறிப்பேட்டில் எழுதுவது, வேண்டாம்.

## ஈர அறையும் மைக்ரோஸ்கோப்பும்

பழுப்புப் புள்ளிக்குப் பேர் வைக்க வேண்டுமானால் அதன் வித்தைப் பார்த்தாக வேண்டும். வயலிலிருந்து வந்த இலையில் வித்து இருக்கும் என்று உறுதியில்லை, ஆகவே அதை உண்டாக்க வேண்டும். ஒரு மூடியுள்ள டப்பா, அடியில் நனைத்துப் பிழிந்த தாள், இலை அதில் படாமல் இருக்க இரண்டு குச்சிகள். ஓடும் நீரில் கழுவிய இலைத்துண்டை அதன்மேல் வைத்து மூடினால் அதுதான் ஈர அறை. சாதாரண அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரத்தில் பல பூஞ்சைகள் வித்து விட்டுவிடும்.

துருவுக்கும் சாம்பலுக்கும் இது தேவையில்லை. அவை உயிருள்ள இலையில் மட்டுமே வளரும், வித்தும் ஏற்கெனவே வெளியே இருக்கிறது. அவற்றை அப்படியே பார்க்கலாம்.

கண்ணாடித்தகட்டில் ஒரு சொட்டு நீர், ஒளி கடத்தும் ஒட்டுநாடாவைப் புள்ளியின்மேல் அழுத்தி எடுத்து அதன்மேல் ஒட்டினால் தயார். லாக்டோபீனால் சாயம் எல்லாம் பழைய பாடப்புத்தகத்துச் சடங்கு. அதில் இருக்கிற பீனால் நஞ்சு, வீட்டில் வைக்காமல் இருப்பதே மேல். 100 முதல் 400 மடங்கு போதும். துருவின் கோடைவித்து, அதாவது அந்த ஆரஞ்சுப் பொடி, 20 முதல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), குலைநோய்ப் பூஞ்சையின் வித்தும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான், எக்ஸரோஹைலம் டர்சிகத்தின் வித்து 100 மைக்ரானைத் தொடும். மடித்துச் செய்யும் காகித மைக்ரோஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு காட்டும், பெரிய வித்துகளின் வடிவம் அதிலேயே தெரியும். அளவெடுக்க மட்டும் உதவாது.

வடிவங்களுக்கு வருவோம். பேரிக்காய் வடிவில், நிறமில்லாமல், இரண்டு தடுப்போடு மூன்று அறையாக இருந்தால் பைரிகுலேரியா, சந்தேகமே வேண்டாம். பழுப்பாக, நீளமாக, பல தடுப்புகளோடு இருந்தால் அடிமுனையைப் பாருங்கள்: அங்கே ஒரு சிறு முனை வெளியே துருத்தியிருந்தால் எக்ஸரோஹைலம். துருத்தவில்லை என்றால் பைப்போலாரிஸா ட்ரெக்ஸ்லெராவா என்ற கேள்வி வரும். அதைத் தீர்க்க அழகான ஒரு வழி உண்டு. வித்துகளை நீர்ச்சொட்டில் விட்டு, அந்தத் தகட்டை ஈர அறையிலேயே ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் முளைக்குழல் இரண்டு முனை அறைகளிலிருந்து மட்டும் கிளம்பியிருந்தால் பைப்போலாரிஸ், நடு அறைகளிலிருந்தும் கிளம்பியிருந்தால் ட்ரெக்ஸ்லெரா. செலவு ஒரு சொட்டுத் தண்ணீர். நடுவில் ஓர் அறை மட்டும் பருத்துக் கறுத்து, வித்தே வளைந்திருந்தால் கர்வுலேரியா. நிறமில்லாத நீண்ட சாட்டை போலிருந்தால் செர்கோஸ்போரா. பிறைவடிவில், தடுப்பே இல்லாமல், பக்கத்தில் கறுப்பு மயிரும் தெரிந்தால் கொலிட்டோட்ரைக்கம்.

துருவில் வேலை இன்னும் சுவையானது. கறுப்புக் கொப்புளத்துக் குளிர்கால வித்து இரண்டு அறையாக இருந்தால் பக்சீனியா, ஓர் அறையாக இருந்தால் யூரோமைசிஸ். பக்சீனியா கொரோனேட்டாவின் வித்து உச்சியில் கிரீடம் போல முட்கள் வைத்திருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. புல்லின் பெயரையும் வித்தின் அளவையும் சேர்த்தால் துருவில் சிற்றினம் வரை பெரும்பாலும் போய்விடலாம். துருக்கொப்புளத்துக்குள் மிகச்சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துருவையே தின்னும் ஸ்பேரெல்லாப்சிஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம், அதைத் துருவின் குளிர்கால நிலை என்று எண்ணிவிட வேண்டாம்.

இந்த முறையின் பெரிய பொறி ஈர அறையிலேயே இருக்கிறது. இலை சாகத் தொடங்கியதும் காத்திருந்த ஒட்டுண்ணிகளும் கழிவுண்ணிகளும் கிளம்பிவிடும். நெடுக்கும் குறுக்கும் தடுப்புள்ள ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம், மையுருண்டை போன்ற வித்துள்ள நைக்ரோஸ்போரா. மூன்றாம் நாள் திறந்தால் டப்பா முழுக்க இவைதான். அதனால் 24 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள், புள்ளியின் வெளிவிளிம்பில், பச்சையும் பழுப்பும் சேருகிற இடத்தில் முதலில் வருவதை நம்புங்கள். ஒரே வித்து பல இலைகளில், பல புள்ளிகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதை எழுதி வைக்கலாம். கர்வுலேரியா தனியாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுவது என் வழக்கம். அது பல சமயம் மற்றவன் போட்ட புள்ளியில் குடியேறுகிற பேர்வழி.

மறைந்திருக்கும் செலவு கருவியில் இல்லை, உட்கார்வதில் இருக்கிறது. கண்ணருகே வைக்கும் அளவுகோலை ஒவ்வொரு மடங்குக்கும் சரிபார்க்க வேண்டும். ஒரு வித்தை அளந்தால் போதாது, 30 அளந்தால்தான் சராசரிக்கு ஏதாவது பொருள் உண்டு. இதெல்லாம் சலிப்பாக இருக்கும் என்று தோன்றினால் மைக்ரோஸ்கோப் வாங்காதீர்கள், தூசிதான் படியும். ஆனால் பல புற்களை, பல பருவங்கள் தொடர்ந்து பார்க்க நினைப்பவருக்கு இதற்கு ஈடு வேறில்லை. தெரியாத இடத்தில் இது தெரியாது என்று காட்டிவிடுகிறது: வித்து இல்லையென்றால் பெயர் இல்லை.

## ஆய்வகமும் டி.என்.ஏ.வும்

ஆய்வகம் என்றாலே டி.என்.ஏ. என்று பலர் நினைக்கிறார்கள். பல செடிநோய் ஆய்வகங்களில் முதலில் செய்வது ஈர அறையும் மைக்ரோஸ்கோப்பும்தான். நீங்கள் வீட்டில் செய்யக்கூடியதைத்தான் பழகிய கண்ணோடு செய்கிறார்கள். அந்தப் பழகிய கண்ணுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. அனுப்பும் முன், களைச்செடியை ஏற்றுக்கொள்வார்களா, என்ன சோதனை செய்வார்கள், எந்த அளவில் பெயர் தருவார்கள் என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

டி.என்.ஏ.வில் பொதுவாகப் படிப்பது ஐ.டி.எஸ். என்ற பகுதி. பூஞ்சைகளுக்கான பொது அடையாளக்குறியாக அதை 2012-ல் முன்மொழிந்தார்கள். பேரினத்துக்கு நன்றாக உதவும். ஆனால் நமக்குத் தேவையான பைப்போலாரிஸ், கொலிட்டோட்ரைக்கம் போன்றவற்றில் அது ஊர் வரை கொண்டுபோய் விடும், வீட்டைக் காட்டாது. சிற்றினம் பிரிக்க வேறு மரபணுக்களும் தேவை, பைப்போலாரிஸில் ஜி.ஏ.பி.டி.எச். மரபணு அதிகம் உதவுகிறது. ஐ.டி.எஸ். மட்டும் படித்துவிட்டுச் சிற்றினப் பெயரோடு வரும் அறிக்கையைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் கிடைத்த மிக நெருங்கிய பொருத்தத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பெயரை அங்கே ஏற்றியவர் சரியாகக் கண்டறிந்தாரா என்பதும் சேர்ந்து வருகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் இலையிலேயே இருக்கிறது. ஒரு புல்லிலைக்குள் நோய் செய்யாமல் குடியிருக்கும் பூஞ்சைகள் ஏராளம். இலையை அப்படியே அரைத்து டி.என்.ஏ. எடுத்தால் யாருடையது வந்தது என்று சொல்ல முடியாது. தனி வித்திலிருந்து தூய வளர்ப்பு எடுத்து, அதாவது வேறெதுவும் கலக்காமல் அந்தப் பூஞ்சையை மட்டும் வளர்த்து, அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க வேண்டும். துருவும் சாம்பலும் ஆய்வகத்தின் சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளரவே வளராது, கொப்புளத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். புல்லின் மாதிரியை எல்லை தாண்டி அனுப்பத் தாவரத் தொற்றுத்தடுப்பு அனுமதியும் தேவைப்படும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அனுப்பினால் போய்ச் சேர்வது அழுகல்தான், தாளில் சுற்றுங்கள்.

டி.என்.ஏ. இல்லாமல் தீராத வழக்குகளும் உண்டு. குலைநோய்ப் பூஞ்சை அப்படிப்பட்டது. டிஜிடேரியாவில் இருக்கும் பைரிகுலேரியா கிரீசியாவும், நெல்லிலும் வேறு பல புற்களிலும் இருக்கும் பைரிகுலேரியா ஒரைசேவும் வித்தளவில் ஒன்றுபோலவே இருக்கின்றன. மரபணுக்களை வைத்து 2002-ல்தான் இரண்டையும் தனித்தனிச் சிற்றினமாகப் பிரித்தார்கள். புளூமேரியா கிராமினிஸும் அதே வழியில் 2021-ல் பல சிற்றினங்களாகப் பிரிந்தது. ஆகவே 'புளூமேரியா கிராமினிஸ்' என்று போட்டிருக்கும் பழைய பட்டியல்களை இப்போது அப்படியே எடுத்தாள முடியாது. பெயர் மாற்றம் இன்னொரு தலைவலி. ஒரே பூஞ்சைக்குப் பால்முறையில் பெருகும் நிலையில் ஒரு பெயர், பாலின்றிப் பெருகும் நிலையில் ஒரு பெயர் என்றிருந்த வழக்கத்தை 2011-ல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு ஒழித்தது. அதற்கு முந்தைய நூல்களில் பைரிகுலேரியாவை மேக்னபோர்த்தே என்றும், இன்னும் பழையவற்றில் பைப்போலாரிஸ் கூட்டத்தை ஹெல்மின்தோஸ்போரியம் என்றும் காண்பீர்கள். மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் என்ற பூஞ்சைப் பெயர்த் தரவுத்தளங்கள் இரண்டிலும் பழைய பெயரைப் போட்டால் நடப்புப் பெயர் கிடைக்கும்.

இனி, முதலில் சொன்ன விவசாயியின் கவலை. வரப்பில் எலுசைனிலும் வயலில் நெல்லிலும் பைரிகுலேரியா ஒரைசே இருக்கிறது என்று டி.என்.ஏ. சொன்னாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது என்று ஆகிவிடாது. ஒரே சிற்றினத்துக்குள் ஒவ்வொரு புல்லுக்கும் பழகிய தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. எலுசைன் கூட்டம் பொதுவாக நெல்லைத் தொடுவதில்லை. எக்ஸரோஹைலம் டர்சிகத்திலும் சோளத்துக்கு ஒன்று, மக்காச்சோளத்துக்கு ஒன்று என்று கூட்டங்கள் உண்டு. விடை வேண்டுமானால் தொற்றவைத்துப் பார்க்க வேண்டும். களையில் கிடைத்த வித்தை நீரில் கலக்கிப் பயிர் நாற்றில் தெளித்து, ஓர் இரவு ஈரத்தில் மூடி வைத்து, வெறும் நீர் தெளித்த நாற்றோடு ஒரு வாரம் ஒப்பிடுவது. எந்த அறிக்கையும் இந்தத் தொட்டிச் சோதனைக்கு ஈடாகாது. வயலுக்கு வெளியே, மூடிய இடத்தில் செய்துவிட்டுச் செடிகளை எரித்துவிடுங்கள்.

ஆகவே டி.என்.ஏ. யாருக்கு? கட்டுரை வெளியிடப் போகிற மாணவருக்கு, ஒரு புல்லில் இதுவரை பதிவாகாத பூஞ்சை என்று சொல்லத் துணிகிறவருக்கு, உயிரியல் களைக்கொல்லி ஆய்வுக்கு. எக்கினோகுளோவாவைக் கொல்ல எக்ஸரோஹைலம் மோனோசெராஸை ஆராய்ந்தது போன்ற வேலையில் சிற்றினம் துல்லியமாகத் தெரியாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. மற்றவர்கள் இங்கே செலவழிப்பதை மைக்ரோஸ்கோப்பில் போடலாம்.

## எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டிய ஒன்று

இன்று லென்ஸோடு நிறுத்துகிறவர் நாளைக்கு மைக்ரோஸ்கோப் வாங்கலாம், பிறகு டி.என்.ஏ. வரை போகலாம். அதற்கு மாதிரி இருக்க வேண்டும். நோய்ப்பட்ட இலைகளையும் பூங்கொத்தோடு கூடிய ஒரு செடியையும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமாக எதையாவது ஏற்றி அழுத்துங்கள். முதல் சில நாள் தாளைத் தினமும் மாற்றினால் பூஞ்சணம் பிடிக்காது. காய்ந்ததும் காகித உறையில் போட்டு, புல்லின் பெயர், இடம், நாள், எடுத்தவர் பெயர், பக்கத்தில் என்ன பயிர் என்று உறையின் மேலேயே எழுதுங்கள், உள்ளே போடும் துண்டுச்சீட்டு தொலைந்துவிடும். இப்படிக் காய்ந்த துரு மாதிரியின் வித்துகளைப் பல பத்தாண்டு கழித்தும் அளக்கலாம்; பழைய உலர்தாவரத் தொகுப்புகளிலிருந்து டி.என்.ஏ.வும் எடுத்திருக்கிறார்கள். அடிச்சாம்பல் மட்டும் விதிவிலக்கு: அதன் வெண்பஞ்சு அழுத்தத்தில் நசுங்கி அழிந்துவிடும், அதை அதிகாலையிலேயே ஒட்டுநாடாவில் எடுத்துத் தகட்டில் ஒட்டிவிட வேண்டும்.